சத்தியநாதன் சாரின் அசதி

மலை நடக்க வருகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒற்றைக் காலுறை, கூலிங் கிளாஸ், போன் சார்ஜர், பாதி தின்ற சாக்லேட், ஒருமுறை ஒரு அம்மா தன் பல்செட்டையே டம்ளருக்குள் விட்டுவிட்டு இறங்கிப் போனாள், அதையெல்லாம் நாங்கள் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கீழ்ரோட்டில் நிற்கும் ஜீப்பில் கொடுத்தனுப்பிவிடுவோம், அதில் எங்களுக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. சென்னையிலிருந்து வந்த சத்தியநாதன் சார் விட்டுவிட்டுப் போனதை மட்டும் மஞ்சப்பையில் போட முடியவில்லை. அவர் விட்டுப் போனது தன்னுடைய அசதியை.

எங்கள் தும்பைப்பாறைக்கு ரோடு கிடையாது. ரோடு போடுவதாகச் சொன்னவர்கள் எல்லோரும் ஓட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அதனால் உப்பு முதல் சிமெண்டு வரை எதுவும் கீழ்ரோட்டிலிருந்து குதிரை முதுகிலோ ஆள் தோளிலோதான் மேலே வரவேண்டும், காப்பிக்கொட்டையும் மலைவாழையும் பலாவும் அதே மாதிரிதான் கீழே இறங்க வேண்டும். இப்படி ஏறி இறங்கியே பிழைக்கிற ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பாதையில் சுமையோடு வருகிறவரைப் பார்த்தால், அவர் பங்காளியோ பகையாளியோ, எதிரே போகிறவர் நின்று "தோள் மாத்தவா?" என்று கேட்டே ஆகவேண்டும். கேட்டால் சுமைக்காரர் மறுக்கக் கூடாது. வாங்கியவர் இது என்ன, யாருடையது என்று கேட்கக் கூடாது. கொடுத்தவர் முன்னால் விறுவிறுவென்று நடந்து போய்விடாமல், வாங்கியவருக்குப் பின்னாலேயே நடக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, சுமக்கிறவர் தானாக வாய்திறந்து யாரிடமும் வாங்கிக்கொள் என்று சொல்லக் கூடாது. கோர்ட்டு வரை போன வரப்புத் தகராறுகள் எங்கள் ஊரில் உண்டு, வாய்க்கு வாய் பொய் சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் தோள் மாத்தில் தப்பு செய்தவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் நடைக் கம்பெனி வந்தது. ஆறு பேர், எட்டுப் பேர் என்று சின்னக் கூட்டமாகப் பட்டணத்து ஆட்களைக் கூட்டிவந்து, மூன்று நாள் காட்டிலும் மேட்டிலும் நடத்தி, எங்கள் வீடுகளில் சோறு போட்டுத் திருப்பி அனுப்புவது அவர்கள் தொழில். லீவு போட்டுவிட்டு வந்து நடக்கிற ஜனங்களை முதலில் நாங்கள் வேடிக்கை பார்த்தோம், பிறகு பழகிப்போயிற்று. வீரணனின் குதிரைகள் அவர்களுடைய பைகளைச் சுமந்தன. வீரணனின் பெண்டாட்டி நாகஜோதி கழுத்தில் விசிலும் தலையில் கம்பெனித் தொப்பியுமாக முன்னால் நடந்து, இது ஏலம், இது மிளகு, இதைத் தொடாதீர்கள் அரிக்கும் என்று சொல்லிக்கொண்டு போனாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அப்போதுதான் அவள் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. ஐந்தாவது மாசம். சும்மா உட்கார்ந்திருந்தால் கால் வீங்குகிறது, நடந்தால்தான் நன்றாக இருக்கிறது என்று அவள்தான் பிடிவாதமாகப் போனாள்.

சத்தியநாதன் சார் இருந்த கூட்டம் இரண்டாம் நாள் ஒத்தக்கல் ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் எல்லோருக்கும் கடைசியில் வந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஆனால் வளைவில் திரும்பிப் பார்த்த நாகஜோதியின் கண்ணுக்கு, கழுத்து முன்னால் தள்ளி, தோள் இறங்கி, அடி எண்ணி வைத்து, இரண்டு மூட்டை சிமெண்டோடு வருகிற ஆளின் நடைதான் தெரிந்தது. பட்டணத்துக்காரி யாராவது என்றால் சாருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டிருப்பாள். நாகஜோதி தும்பைப்பாறையில் பிறந்து தும்பைப்பாறையிலேயே வாழ்க்கைப்பட்டவள், அவள் யோசிப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது.

"தோள் மாத்தவா சார்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. தன் இரண்டு கையையும் பார்த்துவிட்டு, என்னத்தையம்மா மாற்றப் போகிறாய் என்கிற மாதிரி நின்றார், ஆனாலும் கேட்டவளின் முகத்தில் விளையாட்டு இல்லாததைப் பார்த்து, "எடுத்துக்கோங்க, தாராளமா எடுத்துக்கோங்க" என்றார். அவ்வளவுதான். நாகஜோதி பாரம் தாங்காமல் பக்கத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சார் ஆட்டுக்குட்டி மாதிரி அவளைத் தாண்டி மேலே ஓடினார். நம் வழக்கம் தெரியாதவர், பின்னால் நடக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அவர் ஆறு இட்லி தின்றார், பாட்டுப் பாடினார், எந்த மலைக்குப் போயும் கிடைக்காத நிம்மதி இங்கே கிடைத்தது என்று கம்பெனிக்காரரிடம் சொன்னார், மறுநாள் விசிலடித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

நாகஜோதி அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். வாசலில் அவளைப் பார்த்த வீரணன், என்ன ஏது என்று கேட்காமல், கேட்கவும் கூடாது, தோள் மாத்தவா என்றான். கொடுத்தாள். அவன் குதிரைக் கொட்டத்தில் போய் உட்கார்ந்தவன் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. அடுத்து வந்த அவனுடைய அம்மா சடையம்மாள் மகனைப் பார்த்துக் கேட்டாள், வாங்கினாள், உலையில் அரிசி போட மறந்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படிக் கைமாறிக் கைமாறி, அந்த வாரம் முடிவதற்குள் சாரின் அசதி ஊர் முழுக்க ஒரு சுற்று வந்துவிட்டது.

வந்த சுமை வந்துவிட்டது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டோம். எடை இல்லாதது எப்படிச் சுமையாகும் என்று ராணுவத்திலிருந்து திரும்பிவந்த ஒருவர் மட்டும் ஊர்க்கூட்டத்தில் கேட்டார், அவரிடம் அன்றைக்கு ஒரு பகல் கொடுத்துப் பார்த்தோம், அப்புறம் அவர் கேட்கவில்லை. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்திருப்பது போலவே இதற்கும் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தோம். யாருக்கு முறையோ அவர்கள் வீட்டில் அன்றைக்குக் காடு கழனி வேலை கிடையாது, பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்துவிடும். குதிரைக்கு ஒரு முறை வைக்கலாமா என்று சிலர் சொல்ல, வீரணனின் வெள்ளைக் குதிரை ஒரு நாள் சுமந்து பார்த்தது, நடுப்பாதையில் படுத்துக்கொண்டு கண்ணிலிருந்து தண்ணீர் விட்டது, பாவம் வாயில்லா ஜீவன் என்று அதை விட்டுவிட்டோம். ஏதோ ஒரு அசதி, தூங்கினால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தோம். இது தூக்கத்துக்குக் கட்டுப்பட்ட அசதி இல்லை. தூங்கி எழுந்தால் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்.

சுமந்த ஒவ்வொருவருக்கும் அதற்குள் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. டீக்கடை பெத்தணனுக்கு அவன் முறை அன்று, பிடிக்காத ஒருவனைப் பார்த்துக் காலையிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்ததைப் போலக் கன்னம் இரண்டும் வலித்தது. கார் என்பதையே ஓட்டியறியாத சடையம்மாளுக்கு வலது கால் பிரேக்கை மிதித்து மிதித்து மரத்துப்போனது. ஒருத்திக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவுக்காக விழித்துக்கிடந்த கண்ணெரிச்சல் வந்தது, அவளுடைய அப்பாவோ நல்லபடியாக மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். பூசாரிக்கு, எதிரில் உட்கார்ந்து சாப்பிடும் பெண்டாட்டியிடம் பேச ஒரு வார்த்தைகூட இல்லாத களைப்பு வந்து, அவர் மணியை அடிக்காமலே தீபம் காட்டினார். மறுநாள் தோளிலிருந்து இறங்கியதும் ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். அந்த மனுஷர் இதையெல்லாம் ஒற்றை ஆளாகவா இத்தனை வருஷம் சுமந்துகொண்டிருந்தார்? கோபம் வரவேண்டிய இடத்தில் எங்களுக்கு அவர்மேல் பாசம் வந்துவிட்டது. அவர் பேச்சு வந்தாலே நம்ம சார் என்றுதான் சொன்னோம். ஆனாலும் பாசம் வேறு, முதுகு வேறு. பீன்ஸ் கொடியிலேயே முற்றியது, காப்பிப் பழம் பறிக்க ஆளில்லாமல் உதிர்ந்தது, பேசிச் சிரிக்கிற சத்தம் ஊரில் குறைந்துபோயிற்று.

பிள்ளைத்தாச்சிக்கு முறை கிடையாது என்று கூட்டத்தில் முதலிலேயே முடிவு செய்திருந்தோம். நாகஜோதியின் பங்கை வீரணனே சேர்த்துச் சுமந்தான். அதனால் அவள் பிழைத்தாள் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தோம். ஏழாம் மாசம் தாண்டியபோதுதான் அவள் மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னாள். ஒத்தக்கல் ஏற்றத்துக்கு முந்தின வாரம்தான் பிள்ளை துள்ள ஆரம்பித்திருந்தது. சாரிடம் அவள் வாங்கிய அந்த நிமிஷம் உள்ளே ஒருமுறை நெளிந்தது, அதற்கப்புறம் துள்ளவே இல்லை.

கீழே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா வயிற்றில் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாகத் துடிக்கிறது, வளர்த்தி சரியாக இருக்கிறது, பிள்ளை தூங்குகிறது என்றாள். அடுத்த தடவையும் தூங்குகிறது என்றாள். அதற்கு அடுத்த தடவை, ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, இவ்வளவு தூங்குகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை என்று அவளே கொஞ்சம் பயந்தாள். ஸ்கேனிலும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்கு மட்டும் என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தது. உள்ளே இருப்பதும் தும்பைப்பாறைப் பிள்ளைதானே. தாய் சுமையோடு நிற்பதைப் பார்த்துச் சும்மா இருக்குமா? அதுவும் ஒரு பக்கம் தோள் கொடுத்துவிட்டது. தாயிடம் இருந்ததை ஊர் வாங்கிக்கொண்டது, பிள்ளையிடம் இருப்பதை யார் வாங்குவது?

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். நாகஜோதியின் முன்னால் மண்டியிட்டு, வயிற்றோடு வாயை வைத்து, "சாமி, தோள் மாத்தவா?" என்று கேட்டார்கள். ஆண்கள் வாசலில் நின்றபடி அந்தத் திசையைப் பார்த்துக் கேட்டார்கள். சரி என்று சொல்லவும், மறுக்கவும், அதற்கு வாய் வந்தால்தானே. நாகஜோதி அழவில்லை, ஆனால் அவள் பயம் என்னவென்று ஊருக்கே தெரியும். பிறப்பதென்றால் அதற்கும் ஒரு மெனக்கெடல் வேண்டும், முட்ட வேண்டும், திரும்ப வேண்டும், கத்த வேண்டும். சென்னைக்காரரின் இருபது வருஷ அசதியைச் சுமந்து கிடக்கிற பிள்ளைக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வரும்? வேண்டாம், இப்படியே இருந்துவிடுகிறேன் என்று அது இருந்துவிட்டால்?

சாருக்கு ஒரு போன் போட்டு வரச்சொன்னால் என்ன என்று வீரணன் ஊர்க்கூட்டத்தில் கேட்டான். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வந்து உன் சுமையை எடுத்துக்கொண்டு போ என்று ஒருவரிடம் சொல்வது தும்பைப்பாறையில் யாரும் செய்யாத காரியம், அதைச் செய்துவிட்டு நாளைக்குப் பாதையில் யார் முகத்தில் விழிப்பது என்று அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டோம். அந்தச் சமயத்தில்தான் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது, போன தடவை வந்தவர்களில் சத்தியநாதன் என்பவர் மட்டும் இன்னொரு கூட்டத்தோடு மறுபடியும் வருகிறார். எங்களுக்கு உயிர் வந்தது. அவராகவே கேட்டுவிட்டால் போதும். அவர் வாயால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும்.

நாகஜோதிக்கு டாக்டர் சொன்ன நாள் அதற்குள் தள்ளிப்போயிருந்தது. வலியில்லை, அசைவில்லை. உடனே வந்து படுக்க வேண்டும் என்று நர்ஸம்மா போனில் திட்டினாள். "சார் வந்துட்டுப் போகட்டும்க்கா, மறுநாளே வந்துர்றேன்" என்று இவள் கெஞ்சினாள். சடையம்மாள் இரண்டு பேரையும் திட்டினாள்.

சார் வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி, நடையில் அப்படி ஒரு துள்ளல், போன தடவை கடைசியில் வந்தவர் இந்தத் தடவை வீரணனுக்கும் முன்னால் ஏறினார். அவர் ஏறின பாதை முழுக்க நாங்கள் சுமையோடு நடந்தோம். பெத்தணன் கடையைப் பூட்டிவிட்டு ஒரு பலாப்பழத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவர் கண்ணில் படும்படி மூச்சுவாங்கினான். பூசாரி விறகுக் கட்டோடு நின்றார். பெண்கள் நிறைகுடத்தோடு அவர் எதிரே மூன்று தடவை போனார்கள், வந்தார்கள். மேலே கொண்டுபோக வேண்டிய சிமெண்டைக் கீழேயும், கீழே கொண்டுபோக வேண்டிய வாழைத்தாரை மேலேயும் சுமந்தோம். சார் ஒவ்வொருவர் முன்னாலும் நின்றார், ஒவ்வொருவரையும் வியந்து பார்த்தார், உங்களுக்கெல்லாம் என்ன தெம்பு, எங்கள் ஜிம்மில் ஒருத்தனுக்கு இது வராது என்றார், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாளும் இதே கதைதான். பலாப்பழம் தோளிலேயே பழுத்து மணக்க ஆரம்பித்துவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் கூட்டத்துக்கு நாகஜோதி வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு எழுந்தால் அவர்கள் இறங்கிவிடுவார்கள். வீரணன் வாசல் கல்லில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாங்கள் வேலிக்கு வெளியே அவரவர் சுமையோடு நின்றோம், இறக்கிவைக்கத் தோன்றவில்லை. நாகஜோதி தரையில் உட்கார்ந்து அவர்களுக்குப் பரிமாறிவிட்டு, காலியான சோற்று அண்டாவைப் பிடித்தபடி எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை, மறுபடியும் சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். கை கழுவிவிட்டு வந்த சத்தியநாதன் சார் அதைப் பார்த்தார். அவர் நல்ல மனுஷர், அதை நாங்கள் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் பலத்தைத்தான் அவர் இரண்டு நாளாகப் பார்த்தார், கஷ்டப்படுகிற ஒருத்தியைப் பார்த்ததும் ஓடி வந்துவிட்டார்.

"ஐயோ இருங்க, நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க? குடுங்க, நான் தூக்கிக்கிறேன்."

நாகஜோதி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எடுத்துக்கங்க சார்."

சார் அண்டாவை வாங்கினார், இரண்டு அடி வைத்தார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பங்கு சொந்தக்காரரிடம் போனதும் மிச்சமும் கூடவே போய்விட, அன்றைக்கு முறைக்காரனான பெத்தணனின் முதுகு தானாக நிமிர்ந்தது. நாகஜோதியின் புடவைக்கு மேலேயே தெரிகிற மாதிரி வயிற்றில் ஒரு உதை விழுந்தது, அடுத்து இன்னொன்று. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, வலி வந்துருச்சு" என்றாள்.

கீழ்ரோட்டுக்கு ஜீப்பை வரச்சொல்லிவிட்டு எல்லோரும் இறங்கினோம். சார் முன்னால் நடந்தார், கழுத்து முன்னால் தள்ளி, தோள் இறங்கி, அடி எண்ணி. நாகஜோதி டோலியில் ஏற மாட்டேன் என்றாள். கொடுத்தவள் பின்னால்தான் நடக்க வேண்டும் என்று, சடையம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு, வலி வரும்போது நின்று, விடும்போது நடந்து, அவர் பின்னாலேயே வந்தாள். அந்த இறக்கத்தை எங்களால் மறக்க முடியாது. எங்கள் கண் முன்னால் ஒரு மனுஷர் அந்தப் பாரத்தோடு நடக்கிறார், தோள் மாத்தவா என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்ததைக் கடித்து விழுங்கினோம். சில பேர் மலைப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். நாகஜோதி முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள், வலியைப் பொறுப்பதற்கு என்று கூட்டத்தில் வந்த பட்டணத்து ஆட்கள் நினைத்திருப்பார்கள். எங்களுக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

ரோட்டோரத்தில் ஜீப் நின்றது. சார் அவள் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. இப்போது கேட்கப் போகிறார், இது என்னுடையதுதானே, இத்தனை நாள் நீங்களா வைத்திருந்தீர்கள் என்று கேட்கப் போகிறார் என்று காத்திருந்தோம். இருபது வருஷம் கூடவே இருந்ததை, இறக்கிவைத்த சில மாசத்திலேயே அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நாகஜோதி, இவ்ளோத்தையும் நீங்களா தூக்கிட்டு இருந்தீங்க? வயித்துல குழந்தைய வச்சுக்கிட்டா?"

அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தாள், பிற்பாடு எங்களிடம் சத்தியம் பண்ணிச் சொன்னாள். ஆனால் அதற்குள் அவர் தன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு பேசிவிட்டார்.

"இது இனிமே உங்களுக்கு வேண்டாம். நானே வச்சுக்கிறேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, என்னால முடியும்."

சொல்லிவிட்டு, எங்கள் ஊரில் ஆயுசுக்கும் சுமந்து பழகியவனைப் போலத் தோளை ஒருமுறை சரிசெய்துகொண்டு வண்டியில் ஏறினார்.

நாகஜோதிக்கு அன்றைக்கே பெண் பிறந்தது. நர்ஸம்மா தொடுவதற்கு முன்பே கத்திய பிள்ளை. அடங்காத பிள்ளை, உள்ளே தூங்கினது போதும், இனிமேல் தூங்கவே போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட பிள்ளை, பகலென்று இல்லை ராத்திரியென்று இல்லை, நாகஜோதி கண்ணைச் சுற்றிக் கருத்து, நின்றபடியே தூங்கி விழுகிறாள், தோளில் போட்டுத் தட்டினால் தோளையே உதைக்கிறது. நாங்கள் கேட்டு வாங்கி மாற்றிக்கொள்கிறோம், அப்படியும் யாருக்கும் அடங்குவதில்லை.

மாசத்துக்கு ஒரு தடவை சார் போன் பண்ணுகிறார். ஆபீஸிலிருந்து கிளம்புகிற நேரமாக இருக்கும், பின்னால் வண்டிகளின் ஹாரன் கேட்கும், குரல் மிகவும் களைத்திருக்கும், ஆனால் அதில் முன்பு இல்லாத ஒரு கௌரவம் இருக்கிறது, யாருக்காகவோ சுமக்கிறவரின் கௌரவம். உங்களுடையது என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்பார். குழந்தை எப்படி இருக்கிறது என்பார். கடைசியாக ஒவ்வொரு தடவையும் கேட்பார், நீங்கள் இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறீர்களா?

நாகஜோதி இடுப்பில் வீறிடுகிற பிள்ளையை வீரணனிடம் கொடுத்து வெளியே போகச் சொல்லி, அந்தச் சத்தம் தூரம் போகிறவரைக்கும் காத்திருந்து, அப்புறம் சொல்வாள்.

"தூங்குறேன் சார். உங்க புண்ணியத்துல நல்லாத் தூங்குறேன்."